கப்பல் நசாவில் நிற்கும் அந்த ஒரு பகல்: டால்பினைத் தொடப் போகலாமா?

களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அண்ணன், டிசம்பர் விடுமுறைக்கு மயாமியிலிருந்து கிளம்பும் நான்கு நாள் சொகுசுக் கப்பலில் எல்லாருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாராம். தம்பி, மனைவி, 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது அம்மா. கப்பல் ஒரு பகல் முழுக்க பகாமாஸ் தலைநகர் நசாவில் நிற்கிறது. அங்கிருந்து பக்கத்துத் தீவுக்குப் படகில் கூட்டிப்போய் டால்பினைத் தொடவிடும் பயணம் ஒன்றைக் கப்பல்காரர்களே விற்கிறார்கள். அதைப் பற்றி அவருக்கு மூன்று சந்தேகம். கொடுக்கிற காசுக்குத் தகுமா? முட்டுவலி உள்ள அம்மாவால் முடியுமா? "அது பாவம்ப்பா, ஜெயில்ல வச்சிருக்காங்க" என்று மகள் சொல்வது சரியா?

நான் பயணிகள் கப்பலில் 11 வருடம் வேலை பார்த்தவன். முதலில் அறை சுத்தம் செய்யும் வேலை, கடைசி நான்கு வருடம் கரைப் பயண மேசை, அதாவது துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணங்களுக்கு டிக்கெட் விற்கும் இடம். காலையில் கப்பல் அணையும் ஜெட்டியில் நின்று எண் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "பதினேழாம் நம்பர் இந்தப் பக்கம்" என்று தொண்டை கிழியக் கத்துவானே ஒருவன், அது நான்தான். கரோனா வந்தபோது இறங்கியவன், இப்போது பாறசாலையில் கடை வைத்திருக்கிறேன். அம்மா வீடு வள்ளவிளை. மாமாமார் எல்லாம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். அதனால் டால்பினைக் கப்பல் பக்கத்திலிருந்தும் வள்ளத்துப் பக்கத்திலிருந்தும் தெரியும். வள்ளவிளையில் அதற்கு ஓங்கல் என்று பெயர். இங்கே பாறசாலையில் மலையாளம் பேசுகிறவர்கள் கடல்பன்னி என்பார்கள்.

முதலில் அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படத்தில் ஒரு பெண் டால்பினோடு தனியாக நீலக் கடலில் இருப்பாள். அப்படி எதுவும் இல்லை. காலையில் கப்பலை விட்டு இறங்கியதும் வரிசை, பிறகு படகு, அரைமணி நேரத்துக்குள் தீவு. அங்கே மறுபடி வரிசை, ஒரு சின்ன வகுப்பு, லைஃப் ஜாக்கெட். பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கூட்டமாக இடுப்பளவு தண்ணீரில் ஒரு மேடையில் நிற்பீர்கள். உப்பங்கழி போன்ற இடத்தில் வேலி கட்டி உள்ளே டால்பின்களை வைத்திருப்பார்கள். பயிற்சியாளர் கையில் வாளி, வாயில் விசில். டால்பின் ஒவ்வொருவர் முன்னாலும் வரும், வயிற்றைத் தடவலாம், துடுப்பைப் பிடித்துக் கை குலுக்கலாம், கன்னத்தில் மூக்கை வைத்து "முத்தம்" கொடுக்கும், அந்த நொடியில் போட்டோக்காரர் கிளிக் செய்வார். தண்ணீரில் நிற்பது இருபது முப்பது நிமிடம். உங்கள் மகன் கையில் டால்பின் இருப்பது மொத்தம் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: மேற்பட்டை உரித்த வாழைத்தண்டை நனைத்துத் தடவிப் பாருங்கள், அதேதான்.

இதற்கு ஆளுக்கு 100 டாலருக்கு மேல் போகும். நீந்தவும் விடும் வகை என்றால் இன்னும் கூடுதல். உங்கள் கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் போட்டோவுக்குத் தனிக் காசு. கடைசியில் கவுண்டரில் குழந்தையின் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டும்போது வேண்டாம் என்று சொல்கிற தகப்பனை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நம்மூரிலிருந்து கொச்சி போய் லட்சத்தீவுக்குக் கப்பல் ஏறும் செலவில் நல்ல பங்கு வந்துவிடும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா விஷயம். நசாவில் பெரிய கப்பல்கள் ஜெட்டியிலேயே அணையும், நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாற வேண்டியதில்லை. அதனால் கரைக்கு இறங்குவது அம்மாவுக்குக் கஷ்டம் இல்லை. தீவுக்குப் போகும் படகிலும் பலகை போட்டு ஏற்றுவார்கள். கஷ்டம் தண்ணீரில்தான். டிசம்பரில் அங்கே கடல் 24, 25 டிகிரிதான் இருக்கும். நம்ம கடலில் 28 டிகிரிக்குப் பழகிய உடம்பு இருபது நிமிடத்தில் வெடவெடத்துப் போகும். மேடைப் படி வழுக்கும். சேலையோடு இறங்க விடமாட்டார்கள், சுடிதார் துப்பட்டாவும் ஆகாது. உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை, அல்லது முழுக்கை முழுக்கால் உள்ள லைக்ரா உடை வேண்டும். நம் பெண்களுக்கு இரண்டாவதுதான் தோது, ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், கப்பல் கடையில் விலை கண்ணைக் கட்டும்.

அப்புறம் நகை. டால்பினின் தோல் சுலபமாகக் கீறிவிடும், அதனால் மோதிரம், வளையல், கம்மல், சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்கள் மாட்டுவார்கள். ஒருமுறை கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு நானும் தீவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் ஊழியர் அந்த அம்மாவின் கழுத்தைக் காட்டி அதையும் கழற்றி லாக்கரில் வைக்கச் சொன்னாள். அந்த அம்மா தாலிச் சங்கிலியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய்விட்டார். கணவர் "அரைமணி நேரந்தானே, கழட்டி வை" என்றார். "அப்படின்னா நான் வரல" என்று சொல்லிவிட்டு, எல்லாருடைய செருப்பையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீருக்குள் பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். எல்லாம் முடிந்து ஈரத்தோடு வந்தவர்கள், அது எங்களைப் பார்த்துச் சிரித்தது, முத்தம் கொடுத்தது என்று சொல்லச் சொல்ல அந்த அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "தம்பி, அது இவங்கள ஒருதடவ கூட பாக்கல. வாளியத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

நான்கு வருடம் டிக்கெட் விற்றவன் நான். எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது. அடுத்த தடவை போனபோது வாளியை மட்டும் கவனித்தேன். அவர் சொன்னது சரி. விசில் சத்தம் என்றால் "செய்தது சரி, மீன் வருகிறது" என்று அர்த்தம். அந்தக் கணக்கில்தான் எல்லாம் நடக்கிறது. முத்தமும் அப்படித்தான், கை குலுக்கலும் அப்படித்தான். வாளியில் இருப்பது உறைய வைத்து உருக்கிய மீன். நம்ம வீட்டில் ஐஸ் மீன் வாங்கிக்கொண்டு போனால் அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று தெரியும் அல்லவா? டால்பின் அதைத்தான் ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிறது. உறைய வைத்தால் மீனில் சத்துக் குறைந்துவிடும் என்பதால் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகிக் கொடுப்பார்கள். டால்பின் கடல் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை, தின்னும் மீனிலிருந்துதான் அதற்கு வேண்டிய நீர் கிடைக்கிறது. உருகிய மீனில் அதுவும் குறைவு.

இனி மகளின் கேள்வி. உங்கள் மகள் கெட்டிக்காரி. ஆனால் "ஜெயில்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது, கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிமெண்டுத் தொட்டியில் வைப்பதும் கடலிலேயே வேலி கட்டி வைப்பதும் ஒன்றல்ல. டால்பின் கண்ணால் பார்ப்பதைவிட ஒலியால்தான் அதிகம் பார்க்கிறது. 'டிக் டிக்' என்று ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து எங்கே மீன், எங்கே பாறை, எங்கே மணல் என்று அறிந்துகொள்கிறது. நாலு பக்கமும் சுவர் உள்ள தொட்டியில் எதிரொலிக்கு என்ன புதுசு இருக்கும்? வேலி போட்ட கடல்வாயில் அலை வந்து போகும், மீன்குஞ்சு உள்ளே நுழையும், தண்ணீர் மாறும். நீங்கள் கேட்ட தீவில் இருப்பது இந்த இரண்டாம் வகை, தொட்டியைவிட மேல். ஆனாலும் காட்டு டால்பின் ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் போகும் பிராணி. தன் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசில் உண்டு, நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. வேலிக்குள் எத்தனை நல்ல ஏற்பாடு செய்தாலும் அந்தத் தூரத்தைக் கொடுக்க முடியாது.

"சிரிக்குதே" என்று மகன் சொல்வான். அது சிரிப்பு இல்லை, தாடை எலும்பின் வளைவு. செத்துக் கரை ஒதுங்கிய ஓங்கலை நீரோடிக் கடற்கரையில் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதுவும் அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி ஒருமுறை முடிந்துபோன விஷயம். 1990களின் கடைசியில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே அவை செத்துப்போயின. பிறகு 2013இல், கொச்சி உட்பட சில ஊர்களில் டால்பின் பூங்கா கட்டும் பேச்சு வந்தபோது, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இந்தியாவில் எங்குமே டால்பின் காட்சிசாலைக்கு அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை விட்டது. 2009இல் கங்கை ஓங்கிலைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்த நாடு, அதன் உறவைத் தொட்டியில் அடைப்பது பொருந்தாது அல்லவா? நம்ம ஊரில் அப்படி ஒரு டிக்கெட் கவுண்டரே இல்லாததற்கு இதுதான் காரணம். கோஸ்டா ரிக்கா 2005இலேயே தடை போட்டது. கனடா 2019இல். கரீபியன் கப்பல்கள் அதிகம் தொடும் மெக்சிகோவில் 2025இல் கடல் பாலூட்டிகளை வைத்துக் காட்சி நடத்தத் தடைச் சட்டம் நிறைவேறியது. நான் வேலை பார்த்தபோது அந்த நாட்டுத் துறைமுகங்களில்தான் இந்தப் பயணம் அதிகம் விற்கும்.

"அப்போ எல்லாத்தையும் திறந்து விட்டுடலாமே" என்று மகள் அடுத்துக் கேட்பாள். அது அவ்வளவு லேசு இல்லை. வேலிக்குள் பிறந்து, வாளி மீன் தின்று வளர்ந்தது வெளியே போய் வேட்டையாடத் தெரியாமல் திண்டாடும். 2005இல் கத்ரீனா புயலின்போது மிசிசிப்பி மாநிலம் கல்ஃப்போர்ட்டில் எட்டு டால்பின்களைத் தொட்டியிலிருந்து கடல் அள்ளிக்கொண்டு போனது. சுமார் பத்து நாள் கழித்துத் தேடியபோது எட்டும் பிரியாமல் ஒன்றாகவே இருந்தன. மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஒக்கி நேரத்தில் எங்கள் கடற்கரையில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் போதும், எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்து கடலைப் பார்ப்போம். அதனாலோ என்னவோ, அந்த எட்டின் கதை எனக்கு மறக்கவில்லை.

சரி, என் தீர்ப்பு: காசுக்குத் தகாது. பாவ புண்ணியக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் தகாது. ஒரு நிமிடத் தொடலுக்கு அரைநாளும் 500 டாலருக்கு மேலும் போகிறது, கடைசியில் அதன் கவனமும் வாளியில்தான்.

அதற்குப் பதில் நசாவில் என்ன செய்யலாம்? அதே மாதிரித் தீவுகளுக்கு டால்பின் இல்லாமல் கடற்கரைக்கு மட்டும் டிக்கெட் உண்டு, பிள்ளைகள் மணலில் விளையாட அது போதும். கண்ணாடி அடித்தளப் படகில் அம்மா உட்கார்ந்தபடியே மீன் பார்க்கலாம். ராணிப் படிக்கட்டு என்று ஒன்று உண்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வெட்டியது. மகளுக்குக் காட்ட வேண்டிய இடம், அம்மா மேலே ஏற வேண்டாம். சங்குச் சதையைப் பச்சையாக நறுக்கி எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தருவார்கள், கொல்லங்கோட்டுக் கடற்கரைக்காரன் நாக்குக்குக் கட்டாயம் பிடிக்கும்.

டால்பின் வேண்டுமென்றால் கப்பலிலேயே பாருங்கள். துறைமுகம் நெருங்கும் விடியற்காலையில், முன்பக்கத்துத் திறந்த தளத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். கப்பல் முன்னால் தள்ளும் அலையில் சறுக்கி விளையாட அவை தாமாகவே வரும். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மாமா சொல்வார், "ஓங்கல் வந்தா பிள்ளைய கூப்பிடு, கூப்பிட்ட பிறகு வராது." ஆழ்கடலில் அவர்கள் ஓங்கல் கூட்டத்தைத் தேடிப் பார்ப்பது வேறு காரணத்துக்கு. சில நேரம் அதன் அடியில் கேரைச் சூரை மீன் இருக்கும்.

அண்ணன் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார், மறுத்தால் மனக்கசப்பு வரும் என்றால் சண்டை போட வேண்டாம். கப்பல் வழியாக எடுத்த பயணத்தைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புவரை ரத்து செய்யலாம், டிக்கெட்டிலேயே கெடு எழுதியிருக்கும். போகத்தான் போகிறீர்கள் என்றால், நீந்தும் வகையும் துடுப்பைப் பிடித்து இழுத்துப் போகும் வகையும் வேண்டாம், மேடையில் நிற்கும் வகை போதும். அம்மாவுக்குப் பார்வையாளர் டிக்கெட் கேளுங்கள், விலை குறைவு, தாலி விவகாரமும் இல்லை. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது, கழுவச் சொல்வார்கள், மகனுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதோடு இறங்கலாமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது கர்ப்பமாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வெளியாள் ஒருவர் ஜெட்டியில் பாதி விலைக்குக் கூப்பிடுவார். கப்பல் வழியாகப் போன கூட்டம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதமானால் காத்திருக்காது. கப்பல் கயிறு அவிழ்த்த பிறகு ஜெட்டியில் பையோடு ஓடிவரும் குடும்பத்தை மேலே தளத்தில் நின்று ஆயிரம் பேர் கைதட்டி வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் குடும்பமாக நீங்கள் இருக்க வேண்டாம்.

இப்போது லட்சத்தீவு. கொச்சியிலிருந்து 'சமுத்ரம்' என்ற ஐந்து நாள் கப்பல் பயணத்தை லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பே நடத்துகிறது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய், பகலில் தீவு, இரவில் கப்பல். தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம், அவர்கள் வழியாகப் போனால் அந்த அலைச்சல் குறையும். மழைக்காலத்தில் கிடையாது. கப்பல் தீவை ஒட்டிய ஆழமில்லாத கழிக்குள் வராது, வெளியே கடலில் நிற்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஏறி இறங்கும் சின்னப் படகுக்கு மாற வேண்டும். இரண்டு ஊழியர்கள் மணிக்கட்டைப் பிடித்து, படகு மேலே வரும் நொடியில் "இப்போ" என்பார்கள், அப்போது காலை வைக்க வேண்டும். முட்டுவலி அம்மாவுக்கு நசாவைவிட இது கஷ்டம், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னப் படகு கழிக்குள் நுழையும் வழியில் சுழல் டால்பின்கள் கூட்டமாக வரும் வாய்ப்பு உண்டு. தண்ணீரை விட்டு எழும்பி, பம்பரம்போல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு விழும் சின்ன வகை. அவை இரவில் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை. அதனால்தான் ஹவாயில் 2021 முதல் 50 கஜத்துக்குள் அவற்றை நெருங்கவோ கூட நீந்தவோ கூடாது என்று சட்டமே போட்டார்கள். படகோட்டி துரத்தினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், என்ஜின் சத்தத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் போனால் அவையே அருகில் வரும்.

ஐந்து நாள் முடியாது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். களியக்காவிளையிலிருந்து கொச்சிக்கு ரயிலோ பஸ்ஸோ, அங்கே ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் படகு. சீன வலைகளைத் தாண்டி, காயல் கடலில் சேரும் அழிமுகத்தில் கூன்முதுகு ஓங்கில்கள் அடிக்கடி தலை காட்டும். உலகப் பட்டியலில் அருகிவரும் இனம் அது. துள்ளாது, வேடிக்கை காட்டாது. சாம்பல் நிற முதுகில் ஒரு திமில், அதன் மேல் சின்னத் துடுப்பு, "புஷ்" என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை தெரிந்துவிட்டு முங்கிவிடும், அடுத்து எங்கே எழும் என்று எல்லாரும் படகின் ஒரே பக்கம் சாய்வார்கள். காலையில், கடல் அடங்கியிருக்கும்போது போங்கள். டிக்கெட் சில ரூபாய். ஒரு தடவையில் தெரியாவிட்டால் இறங்காமல் அதே படகில் திரும்பி வாருங்கள், அம்மாவுக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். கப்பல் மயாமியை விட்டு வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதால் அமெரிக்காவுக்குள் நீங்கள் இரண்டாவது தடவை நுழைகிறீர்கள். அம்மாவின் விசாவில் பலமுறை நுழையலாம் என்று இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.